புகை போகும் வழி, தண்ணீர் வரும் வழி: மலையக வீடுகளில் குசினியும் குளியலறையும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் ஹார்ட்வெயார் கடைகளில் இன்று கொமட், வாஷ் பேசின், சிங்க், தரை டைல், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி எல்லாம் கிடைக்கின்றன. வாங்குவோரில் நகரத்து வியாபாரிகளும் ஆசிரியர்களும் மட்டுமல்ல, தோட்டத்து லயங்களில் குடியிருப்பவர்களும் உண்டு. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணம், மத்திய கிழக்கிலிருந்து வரும் பணம், சீட்டுக் காசு, நகைக் கடன் என்று பல வழிகளில் சேரும் தொகை முதலில் செலவாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று குசினி, மற்றது கக்கூஸும் குளிக்கும் இடமும்.

வீட்டலங்காரப் பக்கங்கள் இந்த இரண்டையும் பென்ட்ரி கபர்ட்டின் நிறம், கிரானைட் மேடை, ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு என்று பேசுகின்றன. மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் கேள்விகள் வேறு. அடுப்புப் புகை எங்கே போகும்? தண்ணீர் எங்கிருந்து வரும்? அழுக்குத் தண்ணீர் யாருடைய வாசலில் வடியும்? ஒரு சுவர் எழுப்ப யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகே டைலின் நிறத்துக்கு முறை வருகிறது. மலையகத்துக்கு வந்த வீட்டுத் திட்டங்கள் நெடுங்காலம் கூரையையும் காம்பராக்களையும் மட்டுமே எண்ணின. குசினியும் கழிப்பறையும் கடைசியில் மிஞ்சிய மூலைக்கும் மிஞ்சிய காசுக்கும் விடப்பட்டன. அதனால்தான் மக்கள் அவற்றைத் தாங்களே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வரைபடத்தில் இல்லாத குசினி

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்தில், லயங்கள் வந்துவிட்டன. தமிழகத்தின் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த ஆட்களைத் தங்கவைக்கக் கட்டப்பட்ட நீளக் கட்டடங்கள் அவை. கோப்பி அறுவடைக்கு வந்து திரும்பிப் போகும் ஆட்களுக்கான கொட்டகையாகவே அவை எண்ணப்பட்டன. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பங்கள் நிலைத்தன, கட்டடத்தின் அமைப்பு மாறவில்லை.

ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒற்றை லயத்தில் காம்பராக்கள் ஒரே வரிசையில் நின்றன. இரட்டை லயத்தில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பின்பக்கக் கதவுக்கோ ஜன்னலுக்கோ இடமே இல்லை. சமையலுக்கென்று தனியிடம் அந்த அமைப்பில் கிடையாது. இஸ்தோப்பின் மூலையிலோ காம்பராவுக்குள்ளேயோ மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். புகை கதவு வழியாகவும் தகரக் கூரையின் இடுக்கு வழியாகவும் தானே வழி தேடிக்கொண்டது. பிள்ளை பிறப்பதும் நோயாளி படுப்பதும் விருந்தாளி உட்காருவதும் அதே புகைக்குள்தான்.

கழிப்பறையின் கதை இன்னும் தாமதமாகத் தொடங்குகிறது. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியாக நுழையும் இந்தப் புழு, இரத்தத்தைக் குடித்து ஆளைச் சோகை பிடிக்க வைக்கும். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மண்ணில் மலம் கலப்பதை நிறுத்தினால்தான் நோய் நிற்கும் என்பதால் லயங்களுக்குக் கழிப்பறை கட்டும் வற்புறுத்தல் தொடங்கியது. தொழிலாளியின் உடல்நலம் குறைந்தால் கொழுந்தும் குறையும் என்பது துரைமாருக்கு ஒரு காரணமாயிற்று. அப்படிக் கட்டப்பட்டவை லயத்தின் கோடியில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக நின்றன. மழையில் குடை பிடித்து, இரவில் சுள்ளுக் கொளுத்தி, சரிவுப் படியில் இறங்கிப் போக வேண்டிய கக்கூஸ்கள் அவை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கு இல்லாதவருக்கு அரசின் கிராமிய வீட்டுத் திட்டங்களும் எட்டவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் லயமும் தோட்டத்துச் சொத்தாகவே கூடப் போனது. அதில் வாழ்ந்தவர்களுக்கு அது வேலையோடு கிடைத்த இருப்பிடம் மட்டுமே.

அடுப்பைச் சுற்றி

தோட்டத்துக் குசினியில் மக்கள் செய்த முதல் மாற்றம் சாய்ப்பு. லயத்துக்கு முன்னாலோ பின்னாலோ நான்கு கம்பு நட்டு, தகரம் போட்டு, அடுப்பைக் காம்பராவிலிருந்து வெளியே கொண்டு வந்தார்கள். பிறகு கம்பு இருந்த இடத்தில் புளொக் கல் சுவர் வந்தது, மண் தரை இருந்த இடத்தில் சீமெந்து வந்தது, இப்போது சில வீடுகளில் டைலும் வந்திருக்கிறது. வரைந்து கொடுத்தவர் எவருமில்லை. பக்கத்துத் தோட்டத்து மேசன் பாஸ் பார்த்துச் செய்ததே வரைபடம்.

விறகு இன்னும் முதன்மை எரிபொருளாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது மிலாறு என்னும் தேயிலைக் குச்சி கிடைக்கிறது. அதைக் கட்டித் தலையில் சுமந்து வந்தால் காசு தேவையில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் அங்கே புல்லின் மேல் பனி உறைவதுண்டு. அந்தக் குளிரில் அடுப்பு சமையலுக்கு மட்டும் எரிவதில்லை. ஈரத் துணி காய்வதும், மழையில் நனைந்து வந்தவர் கை கால் சூடேற்றுவதும், பிள்ளை பாடம் படிப்பதும் அடுப்பங்கரையில்தான். கேஸ் குக்கர் இந்த வேலைகளில் ஒன்றையும் செய்யாது.

கேஸை நம்பியவர்கள் அடிபட்ட அனுபவமும் உண்டு. 2021 நவம்பரில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்த சம்பவங்கள் பெரும் அச்சத்தை உண்டாக்கின. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடியில் கேஸ் கிடைப்பதே அரிதாயிற்று. கிடைத்தபோது, 2022 ஏப்ரலில், 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஏறக்குறைய ஐந்து நாள் வேலை செய்து பேர் போட்டால்தான் ஒரு சிலிண்டர். வாங்கிய குக்கரை மூடி வைத்துவிட்டுப் பலர் மீண்டும் மிலாறு தேடிப் போனார்கள்.

அதனால் இன்று மலையகத்தில், இலங்கையின் மற்றப் பகுதிகளைப் போலவே, இரட்டைக் குசினி பரவி வருகிறது. முன்னால் மேடை, சிங்க், கேஸ் குக்கர், கொஞ்சம் பென்ட்ரி அலமாரி. பின்னால் சாய்ப்பில் விறகு அடுப்பு. காலைத் தேத்தண்ணியும் அவசரச் சமையலும் முன்னால்; சோறு, ரொட்டி, வெந்நீர் எல்லாம் பின்னால். பெருமைக்காகச் செய்யும் செலவு என்று இதை ஒதுக்குவது தவறு. எரிபொருள் விலை நிலையில்லாத நாட்டில் இரண்டு வழியையும் திறந்து வைத்திருப்பது புத்தியுள்ள ஏற்பாடு.

குறை அந்தப் பின்னறையில் இருக்கிறது. முன்னறைக்கு டைல் போடும் வீட்டில்கூடப் பின்னறைக்குப் புகைக்கூண்டு வைக்கப்படுவதில்லை. மூடிய இடத்தில் விறகுப் புகையைச் சுவாசிப்பது நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் இதய நோய்க்கும் பிள்ளைகளின் நிமோனியாவுக்கும் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அந்தப் புகையை அதிகம் குடிப்பவர் விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பிறகு கூடையோடு மலைக்குப் போகும் பெண். இதற்கு மாற்று தொலைவில் இல்லை. 1980களில் இலங்கையிலேயே உருவான அனகி என்னும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பு, ஒரே தீயில் இரண்டு பாத்திரத்தைச் சூடாக்குகிறது. மூன்று கல் அடுப்பைவிட விறகு கணிசமாக மிச்சம். அதை இடுப்பளவு மேடையில் பதித்து, மேலே ஒரு புகைக்கூண்டும் எதிர்ச் சுவரில் காற்றுத் துவாரமும் வைத்தால் குனிந்து நிற்கும் முதுகுவலியும் புகையும் சேர்ந்தே குறையும். இவற்றுக்கான செலவு முன்னறை டைலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

பீலிக்கரையிலிருந்து பாத்ரூம் வரை

தோட்டத்தில் குளியல் நெடுங்காலம் பீலியில்தான். மலையூற்றுத் தண்ணீரை மூங்கிலிலோ குழாயிலோ இறக்கி, விழும் இடத்தில் கல் போட்டால் அது பீலிக்கரை. பெண்கள் குறுக்குக்கட்டோடு, வழியில் போவோர் பார்க்க, நடுங்கும் தண்ணீரில் குளித்தார்கள். வீட்டோடு ஒட்டிய குளியலறை கேட்பதில் முதல் குரல் பெண்களுடையதாக இருப்பதில் வியப்பில்லை. வயதுக்கு வந்த பிள்ளைக்கும் மாதவிடாய் நாட்களுக்கும் பிரசவித்த தாய்க்கும் கதவு உள்ள நான்கு சுவர் என்ன பொருள் தரும் என்பதை அவர்களைவிட யார் அறிவார்?

1992இல் கம்பனிகளோடு சேர்ந்து உருவாகி, 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரைப் பெற்ற அமைப்பு, நெதர்லாந்து, நோர்வே அரசுகளின் உதவியோடு நடந்த சமூகநலத் திட்டங்களின் வழியில் தண்ணீரையும் கழிப்பறையையும் பல தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தது. பொதுக் கக்கூஸ் படிப்படியாகக் குறைந்தது. குடும்பத்துக்கொன்று என்ற நிலை பரவியது. நீரடைப்புள்ள பீங்கான் தட்டும் குழியும் அதன் வழக்கமான அமைப்பு.

அடுத்த சிக்கல் குழியில் தொடங்குகிறது. மேல் லயத்தின் குழி நிரம்பிக் கசிந்தால் அது போய்ச் சேரும் இடம் கீழ் லயத்தின் ஊற்று. சமதரையில் கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி தூரம் என்ற கணக்கு ஓரளவு காப்பாற்றும். மலையில் தூரத்தைவிடத் திசை முக்கியம்: ஊற்றுக்கு மேலே குழி இருக்கவே கூடாது. மலசலத் தொட்டிகளுக்கு இலங்கையில் எஸ்எல்எஸ் 745 என்ற தர விதி இருக்கிறது. அதைப் படித்து லயத்துக்குப் பின்னால் உள்ள மூன்றடி இடைவெளிக்குள் பொருத்திக் காட்டும் ஆள்தான் இல்லை. இரட்டைக் குழி முறை இங்கே பொருந்தக்கூடியது. ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்பலாம். அடைத்த குழி ஓரிரண்டு ஆண்டில் காய்ந்து உரமாகும். மலசல பவுசர் ஏற முடியாத தோட்டத்துப் பாதைகளுக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை.

குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் பெரும்பாலான வீடுகளில் நேராகக் கானுக்குப் போகின்றன. கான் அடைத்தால் லயம் முழுவதற்கும் நுளம்பும் நாற்றமும். சரிவில் கட்டுப்பாடின்றி வடியும் தண்ணீர் மண்ணை இளக்குகிறது என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயங்களின் மேல் மண் சரிந்து எழுபது பேரளவில் மாண்டார்கள். இவற்றுக்குக் கடும் மழைதான் காரணம். ஆனால் மழைக்கு முன்பே ஊறிப்போன சரிவு மேலும் பலவீனமானது. புதிய குளியலறை கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் வடிகாலைக் கீழ்க் கான் வரை குழாயிட்டுக் கொண்டுபோவது டைலுக்கு முந்திய செலவாக வேண்டும்.

பிறகு வெந்நீர். உடனடி மின் ஹீட்டர் வேண்டும் என்ற ஆசை நியாயமானது; ஆனால் அது இழுக்கும் மின்சாரத்தைப் பழைய லயத்து வயரிங் தாங்காது. நெருப்புப் பிடித்து லயம் முழுவதும் எரிந்துபோன செய்தி மலையகத்தில் அடிக்கடி வருகிறது; மின்கசிவு அதற்கு ஒரு முக்கிய காரணம். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கும்போது ஒருவர் வீட்டு ஹீட்டர் எல்லோருடைய விஷயமாகிறது. ட்ரிப் சுவிட்சும் தனி வயரும் எர்த்தும் இல்லாமல் ஹீட்டர் பூட்டவே கூடாது. விறகு அடுப்பின் பின்பக்கம் ஒரு செப்புக் குழாயைச் சுற்றி, எரியும் தீயிலேயே தண்ணீரைச் சூடாக்கும் முறை செலவு குறைந்த மாற்று.

பங்களா கற்றுத் தருவது

விறகுத் தீயிலேயே குளியலுக்கு வெந்நீர் எடுக்கும் முறை மலையகத்துக்குப் புதிதல்ல. துரைமாரின் பங்களாக்களில் விறகு கொதிகலன் வைத்துக் குளியலறைக்கு வெந்நீர் அனுப்பினார்கள். குசினி வீட்டிலிருந்து சற்று விலகி நின்றது, அப்பு என்னும் சமையல்காரர் சமைத்தார், புகை வரவேற்பறைக்கு வரவில்லை. ஒவ்வொரு பெரிய அறைக்கும் கணப்பும் புகைக்கூண்டும் இருந்தன. குளிர் மலையில் எப்படிக் கட்ட வேண்டும் என்ற அறிவு அதே தோட்டத்தில், அதே கல்தச்சர்களின் கையில் இருந்தது. அரை மைல் கீழே லயத்துக்கு அது வரவில்லை.

2005 முதல் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் டில்மா குழுமம் பழைய துரை பங்களாக்களை சிலோன் டீ டிரெயில்ஸ் என்ற விருந்தகங்களாக மாற்றியிருக்கிறது. காசல்ரீ, நோர்வுட், சமர்வில், டியன்ட்சின் பங்களாக்களில் பழைய அமைப்பைக் கெடுக்காமல் புதிய குழாயும் வெந்நீரும் பெரிய குளியல் தொட்டிகளும் வந்தன. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1990களில் ஹோட்டலானது. நூறாண்டுக் கட்டடத்துக்குள் நவீனக் குளியலறையைப் பொருத்தும் திறமை இந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இவை சான்று. அந்த வேலைத்தளங்களில் பழகிய பைப் பாஸ்மாரும் மேசன்மாரும் தோட்டங்களிலிருந்து போனவர்களாக இருக்கும்போது, அவர்களின் கைத்திறன் லயத்துக்கும் திரும்ப வழி செய்ய வேண்டும்.

அனுமதியும் ஏழு பேர்ச்சஸும்

எல்லாத் திட்டமும் வந்து முட்டும் இடம் காணி உரிமை. தோட்டக் காணி அரசுக்குரியது, குத்தகை கம்பனியிடம். சாய்ப்பு இறக்கவும் குழி தோண்டவும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். சம்மதமில்லாமல் கட்டியதை உடைக்கச் சொன்னதால் எழுந்த தகராறுகள் மலையகத்தில் அடிக்கடி கேட்பவை. நாளைக்கு உடைக்கப்படலாம் என்ற பயமிருந்தால் யாரும் ஆழமான அத்திவாரம் போடமாட்டார்கள், நல்ல தொட்டி கட்டமாட்டார்கள். தகரச் சாய்ப்பும் அரைகுறைக் குழியும் பெருகுவதற்கு வறுமையோடு இந்தப் பயமும் காரணம். காணி உறுதி கையில் இல்லாததால் வங்கியின் வீட்டுக் கடனும் இல்லை.

2015க்குப் பிறகு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கை வேகம் பெற்றது. ஏழு பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன: 550 சதுர அடி, இரண்டு படுக்கையறை, ஒரு வரவேற்பறை, குசினி, கழிப்பறை. 2017 மே 12இல் நோர்வுட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதற்கட்டம் 2024 பெப்ரவரியில் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கான தொகை 28 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. முந்திய திட்டத்தில் அது பத்து லட்சமளவில்தான். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தை எட்டியதும், டைல் இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்த உயர்வுக்குப் பின்னால் இருக்கின்றன.

இந்த வீடுகள் பெரிய முன்னேற்றம். குசினியும் கழிப்பறையும் வரைபடத்துக்குள் வந்தது மலையக வரலாற்றில் சிறிய விஷயமல்ல. ஆனாலும் குடியேறிய பிறகு பலர் செய்யும் முதல் வேலை பின்பக்கம் ஒரு விறகுக் குசினிச் சாய்ப்பு இறக்குவதுதான். மிலாறு உலர்த்தப் பரண், புகைக்கூண்டு, மழைக்கோட்டும் ஈரத் துணியும் தொங்கவிட ஓரிடம், அட்டை கடித்த காலைக் கழுவ வாசலில் ஒரு குழாய், முழங்கால் மடக்க முடியாத முதியவருக்குக் கைபிடியோடு கொமட் என்று வீட்டுக்காரிகள் கேட்கக்கூடிய பட்டியல் நீளமானது. வரைவதற்கு முன் அதைக் கேட்டிருந்தால் பின்னால் சேர்த்த சாய்ப்புக்குச் செலவழித்த காசு மிஞ்சியிருக்கும்.

யார் வரைந்து கொடுப்பது?

கொழும்பில் வீடு திருத்துவோருக்கு வடிவமைப்பாளர் இருக்கிறார், பென்ட்ரி கம்பனி வீட்டுக்கு வந்து அளவெடுத்துப் போகிறது. தோட்டத்தில் அந்தச் சேவைக்கு ஈடாக இருப்பது மேசன் பாஸின் அனுபவமும் ஹார்ட்வெயார் முதலாளியின் யோசனையும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சரிவின் உறுதியையும் தொட்டியின் கொள்ளளவையும் கணக்கிடுவது அவர்கள் தொழிலல்ல.

பொதுச் சேவைக்கான வாசல்கள் திறந்திருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிட விடாமல் தடுத்து வந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வுட், மஸ்கெலியா சபைகள் உருவாயின. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை வந்தது. மலைச் சரிவில் கட்டுவதற்கு முன் மண்சரிவு ஆபத்தைப் பார்த்துச் சான்று தரத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே இயங்கி, கடனைச் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டின் மூலம் பிடித்துச் செலுத்திய அனுபவமும் உண்டு.

இவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவருவது கைக்கெட்டும் வேலை. ஒவ்வொரு பிரதேச சபையும் ஒற்றை லயத்துக்கு ஒன்று, இரட்டை லயத்துக்கு ஒன்று, தனி வீட்டுக்கு ஒன்று என மூன்று மாதிரி வரைபடங்களைத் தமிழில் வைத்திருக்கலாம். குசினி, கழிப்பறை, வடிகால், வயரிங் நான்கும் பொருட்பட்டியலோடு அதில் இருக்க வேண்டும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துக்குப் போய் இடம் பார்த்துச் சொல்லலாம். அந்த மாதிரிப்படி கட்டுவோருக்குத் தோட்ட நிர்வாகம் மறுபேச்சின்றி எழுத்தில் சம்மதம் தரும் ஏற்பாடு ஒன்றைக் கம்பனிகளோடு அரசு செய்ய வேண்டும். மேசன், பைப், வயரிங் வேலை தெரிந்த தோட்டத்து இளைஞர்களுக்கு ஹட்டனிலேயே குறுகிய பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தால், கொழும்புக்குப் போகும் கைகளில் சில ஊரிலேயே நிற்கும்.

இந்தியா அறிவித்த 10,000 வீடுகளில் பல ஆயிரம் இன்னும் கட்டப்பட வேண்டியிருக்கின்றன. அவற்றின் வரைபடத்தில் புகைக்கூண்டோடு ஒரு விறகு அடுப்பு மேடையையும், அடுப்போடு சேர்ந்த வெந்நீர்க் குழாயையும், கான் வரை செல்லும் வடிகாலையும் சேர்க்க இப்போதும் நேரம் இருக்கிறது. அடித்தளம் போடுவதற்கு முன் அந்தந்தத் தோட்டத்துப் பெண்களை அழைத்து வரைபடத்தை விரித்துக் காட்டி, எது எங்கே வர வேண்டும் என்று கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.